சுரங்கம் மூடிய சீமையில் சைக்கிள் பாதை

ஒரு ஊரில் பெரிய ஆலையோ சுரங்கமோ மூடப்பட்டால் முதலில் அடி வாங்குபவர் தொழிலாளி. அடுத்து அடி வாங்குபவர் அவருக்குப் பற்று வைத்து அரிசி, பருப்பு கொடுத்த மளிகைக் கடைக்காரர். மூன்றாவது ஆள், அந்தக் கடைக்காரருக்குச் சரக்குக் கடன் கொடுத்த மொத்த வியாபாரி. எந்த நாட்டிலும் இந்த வரிசை மாறுவதில்லை. இப்படி அடி வாங்கிய ஒரு சீமையில், தாது ஏற்றிச் சென்ற பழைய வண்டித் தடத்தையே சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். வியாபாரிகளாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அதில் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீட்டிய கால் போல இருக்கும் பகுதிக்குக் கார்ன்வால் என்று பெயர். தகரமும் செம்பும் கிடைத்த பூமி. வட கரையில் போர்ட்ரீத் என்ற சிறு துறைமுகம், தென் கரையில் டெவோரான் என்ற ஊர். இரண்டுக்கும் இடையே 11 மைல், அதாவது சுமார் 18 கிலோமீட்டர் தூரத்துக்குச் சைக்கிள் பாதை இருக்கிறது. சில இடங்களில் மட்டும் ஊர்ச் சாலையில் சேர்ந்து போக வேண்டும். மற்றபடி கார், லாரித் தொந்தரவு இல்லை. நடப்பவர், சைக்கிளில் செல்பவர், குதிரையில் செல்பவர் அனைவரும் உபயோகிக்கின்றனர்.

இரண்டு பக்கமும் லோடு

இந்தத் தடம் உண்டான காரணம் சுத்தமான வியாபாரக் கணக்கு. செம்புத் தாதுவை உருக்குவதற்கு, தாதுவின் எடையைவிட அதிக எடையில் நிலக்கரி வேண்டும். கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. கரியைத் தாதுவிடம் கொண்டு வருவதைவிடத் தாதுவைக் கரியிடம் கொண்டு போவதுதான் மலிவு. எனவே தாதுவைக் கப்பலில் ஏற்றி, கடலுக்கு அக்கரையில் வேல்ஸ் பகுதியில் உள்ள ஸ்வான்சீக்கு அனுப்பினர். கப்பல் காலியாகத் திரும்பவில்லை. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கும் நீராவி இயந்திரங்களுக்கு வேண்டிய நிலக்கரியை ஏற்றி வந்தது. ரிட்டன் லோடு கிடைக்காமல் காத்துக் கிடக்கும் நமது லாரிக்காரர்களுக்கு இதன் அருமை நன்றாகப் புரியும்.

சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே போக்குவரத்துக்காக 1809-ல் போர்ட்ரீத்திலிருந்து தண்டவாளத் தடம் போட ஆரம்பித்தனர். அதில் வண்டிகளைக் குதிரைகள் இழுத்தன. 1820-களில் டெவோரான் பக்கம் இன்னொரு தடம் வந்தது. பாரம் இழுக்கும் குதிரைக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. ஆகவே மேட்டைச் சுற்றிக்கொண்டு, மெல்லச் சரியும்படி தடத்தை அமைத்தனர். அன்று குதிரைக்காகச் செய்த ஏற்பாடு இன்று சைக்கிள் மிதிப்பவரின் முழங்காலுக்கு உதவுகிறது. தண்டவாளத்தைத் தாங்கிய கருங்கற்கள் சில இடங்களில் இன்னமும் மண்ணில் பதிந்து கிடக்கின்றன.

சரிவும் கோலார் சம்பந்தமும்

1866-ல் செம்பு விலை சரிந்தது. வெளிநாட்டுத் தாது மலிவாக வந்து குவிந்தது. கார்ன்வாலின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. டெவோரான் தடத்தில் 1915-ல் வண்டி நின்றது. தகரச் சுரங்கங்கள் சில தாக்குப்பிடித்தன. கடைசியாக இருந்த சவுத் குரோஃப்டி 1998-ல் மூடப்பட்டது.

வேலை இழந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று கப்பலேறினர். அவர்களில் ஒரு பகுதியினர் நமது கோலார் தங்கவயலுக்கும் வந்தனர். 1880-களில் அங்கே தங்கச் சுரங்கங்களை நடத்த வந்த ஜான் டெய்லர் கம்பெனி, கார்ன்வாலிலிருந்து மேஸ்திரிகளையும் தொழில் தெரிந்தவர்களையும் கொண்டு வந்தது. அவர்களுக்குக் கீழே இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள்.

குடியாத்தத்திலிருந்து ராபர்ட்சன்பேட்டைக் கடைகளுக்குப் பல ஆண்டுகள் மிளகாய், புளி, பருப்பு அனுப்பியவன் நான். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு அங்கே சரக்கு எடுத்த கடைகள் பாதியாகக் குறைந்தன. நாணயமான கடைக்காரர்கள்தான். வாங்கிய தொழிலாளி கொடுத்தால்தானே அவர்கள் நமக்குக் கொடுக்க முடியும்? ஆனாலும் அந்த ஊருக்கு ரயில் நிற்கவில்லை. மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகத் தினமும் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகின்றனர். அந்தச் சம்பளம்தான் அங்குள்ள கடைகளைத் தாங்குகிறது.

பாதையில் கண்டது

என் மகள் குடும்பம் இங்கிலாந்தில் இருக்கிறது. 2023-ல் அங்கே போயிருந்தபோது மருமகப்பிள்ளை என்னை இந்தப் பாதைக்கு அழைத்துச் சென்றார். பிஸ்ஸோ என்ற சிற்றூரில் வாடகை சைக்கிள் கடை இருக்கிறது. நம் ஊர்களில் மணிக்கணக்கு வாடகைக்குச் சைக்கிள் விட்ட கடைகள் மறைந்துவிட்டன. அங்கே அதுவே நல்ல தொழிலாக நடக்கிறது, டீக்கடையும் உண்டு.

வழி நெடுக, சுரங்க இயந்திரம் இருந்த கல் கட்டடங்கள் புகைபோக்கியோடு கூரையில்லாமல் நிற்கின்றன. சில பழைய குழிகளின் மேல் கூம்பு வடிவில் இரும்பு வலை போட்டிருக்கின்றனர். மனிதர் விழக்கூடாது, உள்ளே வசிக்கும் வௌவால் வந்து போக வேண்டும் என்பது ஏற்பாடு. போல்டைஸ் என்ற பள்ளத்தாக்கில் செம்மண் மேடுகள் மொட்டையாகக் கிடக்கின்றன. தாதுக் கழிவில் ஆர்சனிக் என்ற விஷம் கலந்திருப்பதால் புல்கூட முளைக்கவில்லை.

மூடிய சுரங்கம் சும்மா இருக்காது என்பதையும் அங்கே கற்றுக்கொண்டனர். வீல் ஜேன் என்ற தகரச் சுரங்கத்தில் வேலை நின்று தண்ணீர் இறைப்பதையும் நிறுத்தினர். 1992 ஜனவரியில் உள்ளே தேங்கிய அமிலத் தண்ணீர் உடைத்துக்கொண்டு ஆற்றில் பாய்ந்தது. ஆறும் கழிமுகமும் ஆரஞ்சு நிறமாயின. அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்தே வெளியே விடுகின்றனர். 2006-ல் கார்ன்வால் சுரங்கப் பகுதிகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கடைக்காரருக்கு என்ன லாபம்?

சைக்கிளில் வருபவர் மூட்டையாக வாங்க மாட்டார். ஆனால் அவருக்குப் பசிக்கும், தாகமெடுக்கும், டியூப் பஞ்சராகும், திடீரென்று மழையும் வரும். காரில் போகிறவர் பத்து ஊரைத் தாண்டிப் போய் ஒரு இடத்தில் நிறுத்துவார். சைக்கிள்காரர் ஊருக்கு ஊர் இறங்குவார். சிறு கடைக்கு ஏற்ற வாடிக்கையாளர் அவரே. சுரங்கத் தொழிலாளி மத்தியானச் சாப்பாடாகக் கொண்டு போன பேஸ்டி என்ற பலகாரம், மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்டது, இன்று பாதையில் வருபவருக்கு விற்கிறது. சரக்கு அதேதான், வாங்குபவர்தான் வேறு.

அதே கார்ன்வாலில் பேட்ஸ்டோ என்ற மீன்பிடி ஊருக்கு வந்த ரயில் 1967-ல் நிறுத்தப்பட்டது. அந்த ரயில் தடமும் கழிமுகக் கரையோரம் சைக்கிள் பாதையாகி, ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் வருகின்றனர்.

இதையும் சொல்ல வேண்டும். பாதை ஒருநாளும் சுரங்கம் ஆகாது. சுரங்கச் சம்பளம் பன்னிரண்டு மாதமும் வந்தது. சுற்றுலாக் காசு கோடையில் வந்து குளிர்காலத்தில் நின்றுவிடும். வருமானம் மிகக் குறைந்த பகுதி என்று ஐரோப்பியக் கூட்டமைப்பே 2000-க்குப் பிறகு கார்ன்வாலுக்குத் தனி நிதி உதவி கொடுத்தது. பாதை வந்ததால் ஊர் செழித்துவிட்டது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். பாதை இல்லாவிட்டால் அந்த டீக்கடையும் இருந்திராது என்பது மட்டும் உண்மை.

நமக்கு மூன்று செய்திகள்

ஒன்று, ஒரே ஆலையை நம்பிய ஊருக்குச் சரக்கு அனுப்பும்போது கடனுக்கு வரம்பு வையுங்கள். ஆலை நன்றாக ஓடும்போதே வைக்க வேண்டும்.

இரண்டு, உபயோகம் நின்றுபோன தடத்தைத் துண்டு போட்டு விற்க விடக்கூடாது. நடுவில் ஒரு கட்டடம் எழும்பிவிட்டால் 11 மைல் பாதையும் வீண். கார்ன்வாலில் நூறாண்டு கழித்தும் தடம் பெரும்பாலும் தப்பியிருந்ததால்தான் அதைப் பாதையாக்க முடிந்தது.

மூன்று, பாதை போடும் பேச்சு எழும்போதே வணிகர் சங்கம் கூட்டத்தில் உட்கார வேண்டும். குடிநீர்க் குழாய், கழிப்பறை, சைக்கிள் நிறுத்துமிடம் ஆகியவை கடைவீதியின் பக்கம் வருமா, ஊருக்கு வெளியே போகுமா என்பது அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகும். பிறகு மனு கொடுத்துப் பயனில்லை.