வீட்டு ஜலத்திற்கு வளையும் குழாய்

நாஞ்சில் நாட்டில் கிணற்று ஜலத்தை வீட்டு மேல்தொட்டிக்குக் கொண்டுசெல்ல முற்காலத்தில் இரும்புக் குழாய்களே உபயோகமாயின. கடலோரக் கிராமங்களில் உப்பு ஜலமும் உப்புக் காற்றும் அவற்றை விரைவில் துருப்பிடிக்கச் செய்தன. பாலித்தீன் என்னும் பொருள் 1933-ம் வருஷம் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அதன் அடர்த்தி மிகுந்த வகையாலாகிய கருங்குழாய்க்குத் துரு என்பதில்லை. சுருளாகக் கிடைப்பதால் நெடுந்தூரம் இணைப்பின்றிப் பதிக்கலாம். இணைப்புக் குறையக் கசிவும் குறையும்.

வளையும் என்பதற்காக அதை மடக்கலாகாது. வளைவின் ஆரம் குழாயின் வெளிவிட்டத்தைப்போல் 25 மடங்குக்குக் குறையாதிருத்தல் நலம். 32 மில்லிமீட்டர் குழாய்க்கு இது 80 சென்டிமீட்டர் ஆகும். இதனினும் நெருங்கிய திருப்பத்தில் எல்போ பொருத்தவேண்டும்.

உஷ்ணம் 20 டிகிரி ஏறினால் 10 மீட்டர்க் குழாய் 3 முதல் 4 சென்டிமீட்டர் வரை நீளும், குளிர்ந்தால் சுருங்கும். விறைப்பாக இழுத்துப் பதித்தால் இணைப்புக் கழலும். ஆகவே 2 அடி ஆழச் சாலில் சற்று நெளியவிட்டு, கல்லில்லாத மண்ணால் மூடவேண்டும். வெந்நீருக்கு இது ஏற்றதன்று. வாங்குமுன் ஐ.எஸ். 4984 என்னும் முத்திரையைப் பார்த்தல் அவசியம்.

மோட்டார் நின்றதும் குழாயில் அழுத்தம் தணியும். அவ்வேளையில் கசியும் இணைப்பின் வழியே வெளியிலுள்ள அசுத்த ஜலம் உள்ளே புகக்கூடும். எனவே சாக்கடை, கக்கூஸ் குழி ஆகியவற்றின் ஓரமாகக் குழாய் பதித்தல் தகாது. கடக்க நேரின், அவற்றிற்கு மேலாக இணைப்பின்றிக் கொண்டுசெல்லவேண்டும். சாலை மூடுமுன் ஜலம் விட்டு ஒவ்வோர் இணைப்பையும் கிராம உத்தியோகஸ்தர்கள் பரிசோதிப்பார்களாயின், ஒரு நாழிகை வேலையால் பல குடும்பங்கள் வயிற்றுப்போக்கினின்றும் தப்பும்.