இமையில் எழும் கட்டி

கண்ணை இமை காப்பதுபோல் என்பது நம் வழக்கு. அந்த இமைக்கே நோவு வந்தால், வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் சொல்வர். நாமக்கட்டியை இழைத்துப் பூசுவர். விரலை உள்ளங்கையில் தேய்த்து ஒற்றுவர். தாய்ப்பாலைக் கண்ணில் விடுவர். இவற்றுள் நன்மை எது, தீமை எது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

இமைக்கட்டி பெரும்பாலும் இருவகை. இமைமயிரின் வேரில் வலியோடு சிவந்து சீழ்கோப்பது கண்கட்டி. இது கிருமியால் வருவது. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே ஆறிவிடும். வலியின்றிப் பட்டாணிபோல் இமைக்குள் திரள்வது மற்றொன்று. மருத்துவர் இதனைக் ‘கலேசியன்’ என்பர். இமைக்குள் எண்ணெய் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் வரிசையாக உள்ளன. 1666-ஆம் ஆண்டில் அவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மைபோமின் பெயரையே அவை தாங்குகின்றன. சுரப்பியின் வாய் அடைபட்டு எண்ணெய் தேங்குவதே இக்கட்டிக்குக் காரணம்.

இரண்டுக்கும் முதல் மருந்து வெந்நீர் ஒற்றடமே. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். தூய துணியைப் பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். நாளுக்கு 3, 4 முறை செய்யுங்கள். சூட்டில் எண்ணெய் இளகும். வலியில்லாத கட்டியானால், பின்பு இமைமயிரை நோக்கி மெல்ல நீவிவிடலாம். பாட்டியின் விரல் வைத்தியத்திலும் இருந்தது இந்தச் சூடுதான். ஆயினும் அது நொடியில் ஆறிவிடும், கழுவாத விரலோ கிருமியைச் சேர்க்கும்.

கட்டியைப் பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். தாய்ப்பாலோ இலைச்சாறோ கண்ணில் விடாதீர்கள். ஆறும்வரை கண்மை வேண்டாம். கடையில் தாமே கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மருத்துவர் மேற்பார்வையின்றி நெடுநாள் விட்டால் கண்ணழுத்தம் கூடிப் பார்வையே பறிபோகலாம்.

ஒரு மாதமாகியும் கரையாவிடில் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். இமையை மரத்துப்போகச் செய்து, உட்புறமாகக் கீறிச் சில நிமிடங்களில் அகற்றிவிடுவார்; பெரும்பாலும் வெளியே தழும்பு தெரியாது. சிறு குழந்தைக்குப் பெரிய கட்டி நீடித்தால் அது விழியை அழுத்திப் பார்வையைக் கெடுக்கக்கூடும். ஆகவே தாமதம் கூடாது. இமை முழுதும் வீங்கிக் காய்ச்சல் கண்டாலோ, பார்வை மங்கினாலோ, விழியை அசைக்க வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இறுதியாக, வீட்டு முதியோரைப் பற்றி ஒரு சொல். அகற்றிய கட்டி அதே இடத்தில் மீண்டும் எழுந்தாலும், அவ்விடத்து இமைமயிர் உதிர்ந்தாலும், அது அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். சதைப் பரிசோதனை அதனைக் காட்டிவிடும். “வெறும் கண்கட்டிதானே, பிள்ளைகளுக்கு ஏன் செலவு?” என்று அவர்கள் மறைப்பார்கள். நாம்தான் கைப்பிடித்து அழைத்துச் செல்லவேண்டும்.