விண்மீன் கூடும் சந்தி

விடுமுறைக்கு வந்த மகன், 2016-இல் பாரடாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டெல்லாரிஸ்' என்ற விண்வெளிப் பேரரசு விளையாட்டைக் காட்டினான். வேடிக்கை பார்க்கப் போன நானும் மாட்டிக்கொண்டேன்.

பக்கத்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். "எல்லாத்தையும் வளைக்காதீங்கப்பா, வழியை மறிங்க" என்றான்.

2018 மாற்றத்துக்குப் பின், ஆட்டத் தொடக்கத்தில் கப்பல்கள் ஹைப்பர்லேன் பாதைகளில்தான் போகும். பல பாதைகள் கூடும் நட்சத்திரத்தை ஆய்வுக் கப்பலால் அளந்து, அங்கே புறக்காவல் நிலையம் கட்டி எல்லையை மூடினால், போர் மூளாதவரை உள்ளே இருப்பவை நமக்குத்தான், நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நிலையத்துக்குச் செல்வாக்குப் புள்ளிகள் வேண்டும். அவை மெதுவாகவே சேரும். இடையில் உள்ளதைத் தாண்டிக் கட்டினால் செலவு இன்னும் ஏறும்.

அந்தச் செலவுக்குப் பயந்து சந்தியை விட்டேன். அண்டை அரசு வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் என் ஆய்வுக் கப்பலே அந்தப் பக்கம் போக முடியலை!

இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். சந்தி தெரிந்த பிறகே கட்டுமானக் கப்பலை நகர்த்துகிறேன்.