கடிகாரத்தை நகர்த்தினால் வெளிச்சம் கூடுமா?

லண்டனில் அண்ணனோ அக்காவோ இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் பழகியதுதான். குளிர்காலம் முழுக்க இங்கே இரவு ஒன்பதரை என்றால் அங்கே மாலை நான்கு மணி. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு கழிந்ததும் அதே ஒன்பதரைக்கு அங்கே ஐந்து மணி ஆகிவிடுகிறது. டொராண்டோ உறவினருக்கு இந்த மாற்றம் இரண்டு மூன்று வாரம் முன்பே, மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே வந்துவிடும். சிட்னியில் இருப்பவருக்கோ எல்லாம் தலைகீழ்: அங்கே கோடை டிசம்பரில் வருவதால் அக்டோபர் முதல் ஞாயிறன்று முள்ளை முன்னே தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். நாம் மட்டும் வருடம் முழுக்க ஒரே நேரத்தில் இருக்கிறோம். அவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள், நமக்கு ஏன் அது தேவைப்படவில்லை?

நடப்பது இவ்வளவுதான். மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை லண்டனில் மணி ஒன்று ஆனதும் கடிகாரம் நேராக இரண்டுக்குத் தாவும். அந்த நாளுக்கு 23 மணி நேரம்தான். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணி ஆனதும் மறுபடி ஒன்றுக்குத் திரும்பும். அந்த நாளுக்கு 25 மணி நேரம். கைப்பேசி தானே மாறிக்கொள்ளும். சுவர்க் கடிகாரத்தையும் சமையலறை அடுப்பில் இருக்கும் கடிகாரத்தையும் கையால்தான் மாற்ற வேண்டும்.

காரணம் பூமத்திய ரேகையிலிருந்து ஊர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதில் இருக்கிறது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். கொழும்பில் அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. லண்டனிலோ ஜூனில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஜூன் மாதத்தில் கடிகாரத்தைத் தொடாமல் விட்டால் அங்கே மூன்றே முக்கால் மணிக்கே சூரியன் உதித்துவிடும். ஊரே தூங்கும் நேரத்தில் அந்த வெளிச்சம் யாருக்கும் பயன்படாது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினால், காலையில் வீணாகும் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் மாலைக்கு வந்துசேரும். புதிதாக ஒரு நிமிட வெளிச்சமும் உண்டாவதில்லை. ஒரு பக்கம் எடுத்து மறுபக்கம் வைக்கிறார்கள், அவ்வளவுதான். காலையில் மிச்சம் இருந்தால்தான் மாலைக்குக் கொடுக்க முடியும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை தானாகப் புரியும்.

இந்த யோசனையை விவசாயிகள் கேட்டு வாங்கினார்கள் என்று பலரும் சொல்வதுண்டு. அது சரியல்ல. மாடு கறக்கும் நேரத்தையும் பனி காயும் நேரத்தையும் தீர்மானிப்பது சூரியன். அமெரிக்க விவசாயிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அங்கே 1918இல் வந்த சட்டம் மறு ஆண்டே நீக்கப்பட்டதற்கு அவர்கள் எதிர்ப்பும் ஒரு காரணம். முதலில் யோசித்தவர்கள் வேறு ஆட்கள். நியூசிலாந்தில் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் ஹட்சனுக்குப் பூச்சிகளைச் சேகரிப்பதில் பெரும் ஈடுபாடு. வேலை முடிந்த பிறகு பூச்சி தேட மாலையில் வெளிச்சம் வேண்டும் என்பதற்காக, 1895இல் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் நகர்த்தலாம் என்று எழுதினார். இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் என்ற கட்டடக்காரர் கோடைக்காலத்தில் அதிகாலையில் குதிரை மேல் போகும்போது, நன்றாக விடிந்தும் வீடுகளில் திரைச்சீலைகள் மூடியே கிடப்பதைப் பார்த்தார். 1907இல் தன் செலவில் ஒரு சிறு நூல் அச்சிட்டார். ஒரே தாவலாக இல்லாமல், ஏப்ரலின் நான்கு ஞாயிறுகளில் இருபது இருபது நிமிடமாக மொத்தம் 80 நிமிடம் நகர்த்தலாம் என்பது அவர் திட்டம். நாடாளுமன்றம் ஏற்கவில்லை. 1915இல் அவர் இறந்துபோனார்.

அவரால் முடியாததைப் போர் செய்தது. நிலக்கரியை மிச்சப்படுத்த ஜெர்மனி 1916 ஏப்ரல் 30 அன்று கடிகாரத்தை நகர்த்தியது. மூன்றே வாரத்தில், மே 21 அன்று, பிரிட்டனும் அதையே செய்தது. லண்டனை ஒட்டிய பெட்ஸ் வுட் பகுதியில் வில்லெட்டுக்கு ஒரு சூரியக் கடிகாரத்தை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அது காட்டுவது ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய கோடை நேரத்தை.

மின்சாரம் உண்மையிலேயே மிச்சமாகிறதா? விளக்கு மட்டுமே மின்சாரம் தின்ற காலத்தில் ஓரளவு ஆகியிருக்கலாம். இன்று நிலைமை வேறு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 2006இல்தான் முழுவதுமாக இந்த முறைக்கு மாறியது. அதை வைத்து ஆராய்ந்தவர்கள், வீடுகளின் மின்செலவு சுமார் ஒரு சதவீதம் கூடியிருப்பதைக் கண்டார்கள். விளக்கில் மிச்சமானதை மாலை வெயிலில் ஓடிய ஏசி தின்றுவிட்டது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இல் இந்த மாற்றத்தையே நிறுத்த வாக்களித்தது. உறுப்பு நாடுகள் ஒத்துப்போகாததால் இன்னும் நடக்கவில்லை. மெக்சிகோ 2022இல் பெரும்பாலான பகுதிகளில் கைவிட்டுவிட்டது.

நம் பக்கம் வருவோம். கடிகாரம் என்பது அரசு வைக்கும் ஏற்பாடு என்பதை நம் முன்னோர் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். சென்னை வானாய்வகத்தில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் கணக்கிட்ட மதராஸ் நேரம் இன்றைய இந்திய நேரத்தைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பின்தங்கியது. 1906இல் இந்திய நேரம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியாவிலும் ஒரு மணி நேரம் கூட்டி வைத்திருந்தார்கள். அசாமில் சூரியன் சீக்கிரமே வந்துவிடுவதால், அங்குள்ள தேயிலைத் தோட்டங்கள் ஒரு மணி நேரம் முந்திய தோட்ட நேரத்தில் வேலை செய்வது வெகுகாலப் பழக்கம்.

வெப்பமண்டல நாடு ஒன்று இதைச் செய்து பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைவிட நல்ல பாடம் இல்லை. அப்போது அங்கே மின்சாரத்தில் பெரும்பங்கு நீர்மின் நிலையங்களிலிருந்து வந்தது. 1996இல் மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின, நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. மாலையில் விளக்கு போடுவதைத் தள்ளிப்போட அரசு மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்தது. கொழும்பில் ஆறு மணிக்கு முன்பே உதித்துவந்த சூரியன் ஏழை நெருங்கி உதிக்கத் தொடங்கியது. ஏழரைக்குப் பள்ளி என்றால், பிள்ளைகள் இருட்டில் எழுந்து இருட்டில் குளித்துப் புறப்பட வேண்டும். அந்த வீடுகளில் மாலையில் அணைத்த விளக்கு காலையில் எரிந்தது. ஐந்து மாதத்தில், அக்டோபர் 26 அன்று, அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி அரை மணி பத்தாண்டு நீடித்தது. 2006 ஏப்ரல் 15 அன்று, சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு, நாடு பழையபடி இந்திய நேரத்துக்கே திரும்பியது.

தமிழருக்கு இதில் இன்னொரு அனுபவம் உண்டு. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. யாழ்ப்பாணமும் வவுனியாவும் அரசின் கையில் இருந்தன. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போனவர் வன்னியின் ஒரு முனையான ஓமந்தையைத் தாண்டியதும் அரை மணி பின்னே போனார், மறுமுனையான முகமாலையைத் தாண்டியதும் அரை மணி முன்னே வந்தார். கிளிநொச்சியில் ஒருவரைப் பத்து மணிக்குச் சந்திப்பதாகச் சொன்னால், பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுக்கொண்டால்தான் சந்திப்பு நடக்கும். ஒரு சிறு தீவில், ஒரே வீதியில் இரண்டு நேரம். எந்த ஆட்சியை ஏற்கிறோம் என்பதைக் கைக்கடிகாரம் சொன்ன காலம் அது.

சிங்கப்பூரும் மலேசியாவும் வேறு வழியில் போயின. தீபகற்ப மலேசியாவும் சபா, சரவாக்கும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் அரை மணி கூட்டினார்கள். சிங்கப்பூரும் சேர்ந்துகொண்டது. அதனால்தான் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தும் சிங்கப்பூரில் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் உதிக்கிறது. மக்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். ஆனால் அங்கே மாற்றத்தின் நோக்கம் நிர்வாக வசதி. மின்சார மிச்சத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. மிச்சம் பிடிக்க என்று இங்கே யாராவது இந்த யோசனையைக் கொண்டுவந்தால், இலங்கையின் 1996ஐக் காட்டி வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே என் கருத்து.

வெளிநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் நடைமுறைப் பயன் இரண்டு உண்டு. ஒன்று, ராகுகாலம். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்ற நம் கணக்கு, ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறையும் சூரியனுக்கானது. பகலை எட்டாகப் பிரித்து அதில் இரண்டாம் பாகத்தை எடுக்கிறோம். லண்டனில் ஜூன் கடைசியில் அந்தப் பாகம் சுமார் 6.50 முதல் 8.50 வரை நீளும். டிசம்பரில் ஒன்பது முதல் பத்துக்குள் முடிந்துவிடும். ஊர்க் காலண்டரைப் பார்க்காமல், அங்குள்ள கோயில் வெளியிடும் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதே சரி.

இரண்டாவது, பிறந்த நேரம். ஒரு லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். அரை மணி தவறினாலே லக்னம் மாறிவிடலாம். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை லண்டனில் ஒன்றரை மணி இரண்டு முறை வருகிறது. இரட்டைக் குழந்தைகளில் இளையது பதிவேட்டில் மூத்ததாகிவிட வழி உண்டு. 1996 மே மாதத்துக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடையே இலங்கையில் பிறந்தவர்கள், தங்கள் குறிப்பில் இருப்பது பழைய நேரமா புதிய நேரமா என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோடை நேரம் நடக்கும் ஊரில் குழந்தை பிறந்தால், நேரத்துக்குப் பக்கத்தில் "கோடை நேரம்" என்று எழுதிவிடுங்கள். ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் பிறந்த நேரம் சரியாகத் தெரிந்திருப்பது நல்லதுதான்.