ஆபீசுக்கும் புரூஃப் உண்டு!



நம்ம பக்கத்துல "ஆபீஸ்"னு சொன்னா பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ்தான் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கும் ஆபீஸ். கடிதம் டைப் அடிக்க, மார்க் கூட்டிப் பார்க்க, செமினாருக்கு ஸ்லைடு தயாரிக்க உதவும் மென்பொருள். அதில் புதுப் பதிப்பு வருவதற்கு முன்னால் ஒரு முன்னோட்டப் பதிப்பு விடுவார்கள். அதை என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நடந்தது என்ன?

வெம்பக்கோட்டை அகழாய்வு பற்றிப் பேச 14 ஸ்லைடு தயாரித்தேன். புதுசா இருக்கேன்னு ஆசைப்பட்டு, ஒரு மென்பொருளின் சோதனைப் பதிப்பை வீட்டு லேப்டாப்பில் ஏற்றி அதிலேயே செய்தேன். முதல்நாள் ராத்திரி சங்கு வளையல் படத்தை இழுத்து வைத்தேன், பட்டென்று மூடிக்கொண்டது! திரும்பத் திறந்தால் மிச்சம் 5 ஸ்லைடுதான். மறுநாள் மீதியை வாயாலேயே சொல்லிச் சமாளித்தேன்.

அச்சாபீசில் வேலை பார்க்கும் என் மாமா கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏன் மாப்ளே, புரூஃப் பேப்பரை யாராவது காலண்டர்னு சுவத்துல மாட்டுவாங்களா? அது தப்புக் கண்டுபிடிக்கத்தானே!" என்றார். அப்பத்தான் எனக்கு விஷயமே புரிந்தது.

பீட்டா என்றால் என்ன?

சிவகாசியில் ஆடி 18 அன்றே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அச்சடிக்கும் முன் புரூஃப் எடுத்துப் பார்ப்பார்கள். புரூஃபில் ஒரு எழுத்தைத் திருத்துவது சுலபம். மொத்தமும் மிஷினில் ஓடிய பிறகு தப்பைப் பார்த்தால் அத்தனையும் வேஸ்ட்!

மென்பொருளிலும் இதே கதைதான். முதலில் வருவது ஆல்பா, அரைகுறை வேலை. அடுத்தது பீட்டா. புது வசதிகள் எல்லாம் இருக்கும், பிழைகளும் இருக்கும். கடைசியில் வருவது ஆர்.சி. இதில் பெரிய தப்பு இல்லையென்றால் இதுவே இறுதிப் பதிப்பாகும்.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸை எடுத்துக்கொள்வோம். ஓபன் ஆபிஸிலிருந்து 2010-ல் பிரிந்து வந்தது இது. வருஷத்துக்கு 2 முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் புதுப் பதிப்பு வருகிறது. 2024 பிப்ரவரியிலிருந்து பதிப்பு எண்ணே வருஷமும் மாதமும்தான். 24.8 என்றால் 2024 ஆகஸ்ட். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சோதனைப் பதிப்புகளை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம்.

முன்னோட்டம் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 2007-ல் பழைய மெனு போய் "ரிப்பன்" வந்தது. கோப்பு வகையும் மாறியது. பழகிய பட்டன் எங்கே என்று பலரும் தேடினார்கள். 2006-லேயே பீட்டாவில் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தத் திண்டாட்டம் குறைவு.

தமிழுக்கு நாமதான் புரூஃப் பார்க்கணும்!

மாமா காலத்து எழுத்துருக்களில் "கோ" என்று அடிக்க கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பார்கள். யூனிகோடு முறையில் அப்படி இல்லை. (தமிழக அரசு இதை ஏற்று 2010 ஜூனில் ஆணையிட்டது.) இதில் முதலில் "க", பிறகு "ஓ" குறி என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைத்துக் காட்டுவது மென்பொருளின் வேலை. அதில் பிசகினால் எழுத்து பிரிந்து புள்ளி வட்டம் தெரியும்.

வெளிநாட்டில் உட்கார்ந்து நிரல் எழுதுபவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். கொம்பு இடம் மாறியிருந்தால் அவர் கண்ணுக்கு அது தப்பாகவே படாது. நம்ம கண்ணுக்கு உடனே தெரியும்!

இதற்கு நம்ம மாவட்டப் பெயர்களே போதும்:

1. ஸ்ரீவில்லிபுத்தூர் – "ஸ்ரீ" ஒரே எழுத்தாகச் சேர்ந்து வருகிறதா?
2. வெம்பக்கோட்டை – கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கின்றனவா?
3. கௌசிகா நதி – தேடினால் கிடைக்கிறதா? ("கெ" அடித்துப் பக்கத்தில் "ள" போட்டிருந்தால் கிடைக்காது. அது மென்பொருள் தப்பு இல்லை, நம்ம தப்பு!)

இந்த 3 பெயரையும் ஸ்லைடில் அடியுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள், தடிமனாக்குங்கள், பி.டி.எஃப். ஆக மாற்றுங்கள். எங்கே உடைகிறது என்று பாருங்கள்.

மறக்கக்கூடாதவை

* பரீட்சை, செமினார், ஆபீஸ் வேலை எதையும் சோதனைப் பதிப்பில் செய்யாதீர்கள்.
* கோப்பின் நகலைத்தான் அதில் திறக்கணும். அசல் பென் டிரைவில் பத்திரமாக இருக்கட்டும்.
* லிப்ரே ஆபிஸின் ஆல்பா, பீட்டா இரண்டும் பழைய பதிப்பைத் தொடாமல் தனியாக நிறுவப்படும். ஆர்.சி. பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜாக்கிரதை!
* தப்பு தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள். பதிப்பு எண், என்ன செய்தோம், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் – இந்த 4 விஷயத்தையும் எழுதி, ஒரு மாதிரிக் கோப்போடு பிழைப் பதிவுப் பக்கத்தில் சேர்க்கலாம். ஆங்கிலத்துக்குத் தயக்கமா? நம்ம ஆங்கில டீச்சர் எதற்கு இருக்கிறார்!

உங்களுக்குத் தெரியுமா?

பவர்பாயிண்ட் மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்தது அல்ல. ஃபோர்தாட் என்ற நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோர் உருவாக்கினார்கள். முதலில் வைத்த பெயர் "பிரசென்டர்". 1987-ல் மெகின்டாஷ் கம்ப்யூட்டருக்காக வெளிவந்தது. அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கியது.

நண்பர்களே, உலகத்துக்கே காலண்டர் அடிக்கும் ஊர்ப் பக்கம் நாம். எழுத்துப் பிழை பார்ப்பது நமக்குப் புதுசா என்ன? என்னுடைய 9 ஸ்லைடு போனது போனதுதான். உங்களுடையது போக வேண்டாம். புரூஃபைப் புரூஃபாகவே பார்ப்போம், தமிழைத் தப்பில்லாமல் திரையில் ஏற்றுவோம்!

– 11-ஆம் வகுப்பு மாணவன்,
கணினி மன்றம்