மஞ்சப்பை தொழிலாளிக்கு மட்டுந்தானா?

2019 சனவரி முதல் நாள், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசு தடை போட்டது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்றது. வரவேற்றோம். சாமளாபுரத்துத் தொழிலாளி பையைத் தூக்கினான். அவன் உழைப்பில் உருவான துணி? பாலித்தீன் உறைக்குள் அடைபட்டன்றோ உள்நாட்டுச் சந்தைக்குப் போகிறது!

உறையைச் சந்தையில் விடும் நிறுவனமே அதன் குப்பைக்கும் பொறுப்பு என்கிறது மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு விதி. நன்று! ஆனால், மறுசுழற்சிச் சான்றிதழை விலைக்கு வாங்கியும் கணக்கை நேர் செய்யலாமாம். சான்றிதழ் வாங்கினால் நொய்யல் கரை சுத்தமாகிவிடுமா? கேட்கிறோம்!

முதலில் உறையைக் குறை. நூல் வந்த சாக்கையும் கோனையும் ஆலைக்கே திருப்பு. எஞ்சியதை மட்டும் உருக்கு. இதுவே முறை. செலவு முதலாளியின் கணக்கில் ஏறட்டும். தொழிலாளியின் கூலியில் கைவைக்க விடோம்!