கல்மேல் கல் வைத்துக் கட்டிய கடற்கரை

இத்தாலியின் லா ஸ்பெட்சியாவிலிருந்து ரயில் ஏறினால், வழி பெரும்பாலும் சுரங்கம்தான். இருட்டு, கீற்றாகக் கடல், மறுபடி இருட்டு. ரியோமஜ்ஜோரே, மனரோலா, கோர்னில்யா, வெர்னாட்ஸா, மோன்டெரோஸ்ஸோ என ஐந்து ஊர்கள் வரிசையாக வந்துபோகின்றன. இந்த ஐந்துக்கும் சேர்த்துத்தான் சின்குவே தெர்ரே என்று பெயர்.

வருகிறவர்கள் எல்லோரும் மஞ்சளும் ரோஜாவுமாய்ப் பாறைமேல் நெருக்கியடித்து நிற்கும் வீடுகளைப் படமெடுக்கிறார்கள். கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கினால்தான் விஷயமே இருக்கிறது. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். அவற்றைத் தாங்குபவை சாந்தே இல்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்தி அடுக்கிய சுவர்கள். இடுக்குகள் வழியே மழைநீர் வடிந்துவிடுவதால் சுவர் உப்பிச் சரிவதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்கள் முதுகில் கல் சுமந்து உண்டாக்கிய நிலம் இது. இயற்கை அழகு என்று சொல்லிவிட்டுப் போவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். 1997-இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டுச் சின்னமாகத்தான் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் சுவர் இருந்தால் போதாது. ஆண்டுதோறும் செப்பனிட ஆள் வேண்டும். இளைஞர்கள் நகரத்து வேலைக்குப் போனார்கள். ஊரில் இருப்பவர்களுக்கும் செங்குத்தான தோட்டத்தில் முதுகொடிவதைவிட அறை வாடகைக்கு விடுவது லாபம். பல தோட்டங்கள் புதர் மண்டிவிட்டன. கவனிப்பில்லாத சுவர் இடிந்தால், அது தாங்கிய மண்ணும் சேர்ந்து சரியும். 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய பெருமழையில் வெர்னாட்ஸாவின் கடைத்தெரு ஆளுயரத்துக்கும் மேலாகச் சேற்றில் புதைந்தது, மோன்டெரோஸ்ஸோவும் தப்பவில்லை. மறு ஆண்டே, ரியோமஜ்ஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் புகழ்பெற்ற 'காதல் பாதை'யில் பாறை சரிந்து பயணிகள் காயமடைந்தார்கள். அந்தப் பாதை முழுமையாகத் திறக்க 2024 ஆகிவிட்டது.

ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள். நெரிசலில் கடலே தெரியாது. செப்டம்பரில் போனால் அறுவடையைப் பார்க்கலாம். ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் குட்டி வண்டிகள் திராட்சைக் கூடைகளைச் செங்குத்துச் சரிவில் இறக்கும். கோர்னில்யாவுக்கு மட்டும் முழங்காலைத் தயார் செய்துகொள்ளுங்கள்: ஊர் பாறை உச்சியில், ரயில் நிலையம் கீழே, நடுவில் 350-க்கும் மேற்பட்ட படிகள்.

மோன்டெரோஸ்ஸோவில் நெத்திலி சாப்பிடுங்கள். ஒயின் குடிப்பவர்கள் ஷாக்கெத்ரா கேளுங்கள். திராட்சையை வாரக்கணக்கில் நிழலில் உலர்த்திப் பிழிகிற இனிப்பு ஒயின் அது. கூடை கூடையாய்ப் பழம் போட்டாலும் கொஞ்சம்தான் கிடைக்கும். சின்னக் கோப்பைக்கு இவ்வளவு விலையா என்று தோன்றும். ஆனாலும் வாங்குங்கள். அறை வாடகை சுவர் கட்டுவதில்லை. தோட்டக்காரர் கைக்குப் போகிற காசுதான் கட்டுகிறது.